மரம் செதுக்கும் யந்திரத்தில் அலுமினியம்

மரத்தில் பூவும் கொடியும் செதுக்குவதற்கென்று சி.என்.சி. றவுட்டர் ஒன்றை வாங்கி வைத்திருப்பவரிடம் என்றேனும் ஒருநாள் யாராவது வந்து, “தம்பி, உம்முடைய மெசினிலே அலுமினியம் வெட்டலாமோ?” என்று கேட்கத்தான் செய்வார். கடைக்கு ஒரு பெயர்ப்பலகை, நீரிறைக்கும் யந்திரத்துக்கு ஒரு தகடு, மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தாங்கி என்று அவருடைய தேவை மிகச் சிறியதாகவே இருக்கும். கேட்கப்பட்டவருக்கோ இருதலைக் கொள்ளி எறும்பின் நிலைமை. முடியாது என்றால் தேடிவந்த வேலை கையை விட்டுப் போகும். முடியும் என்றாலோ, விலைகொடுத்து வாங்கிய அலகு முதல் நிமிடத்திலேயே முறிந்துவிடுமோ என்னும் பயம்.

முடியும் என்பதே சரியான விடை. ஆனால் மரத்தில் பழகிய கை உலோகத்துக்கு வரும்போது இயல்பாகவே எழுகின்ற ஓர் எண்ணத்தை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘இது உலோகம் அல்லவா, மெல்ல மெல்லப் போவோம்’ என்பதே அவ்வெண்ணம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் அந்த எச்சரிக்கைதான் அலுமினியம் வெட்டத் தொடங்குவோரின் அலகுகளை முறிக்கின்றது. அது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சி.என்.சி. என்பது, எண்களைக் கொண்டு கணினி ஒன்று யந்திரத்தை நடத்துகின்ற முறை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டர் இறக்கைகளைச் செய்து வந்தார். அவற்றின் வளைவுக்கான அச்சை வெட்டுவதற்கு ஒருவர் அட்டவணையிலிருந்து எண்களை உரக்க வாசிப்பார். மற்றும் இருவர் யந்திரத்தின் இரு கைப்பிடிகளையும் அவ்வெண்களுக்கு ஏற்பத் திருப்புவர். மூவர் செய்த இவ்வேலையை யந்திரமே செய்தால் என்ன என்ற எண்ணம் வளர்ந்து, 1949இல் அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தமாயிற்று. மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952இல், துளையிட்ட நாடாவிலிருந்து எண்களை வாசித்துத் தானே வெட்டும் யந்திரத்தை இயக்கிக் காட்டினர். அன்று விமானப்படையார் கேட்டது விமானச் சிறகுகளின் உலோகப் பாகங்களை வெட்டுவதற்கான யந்திரம். ஆக, இன்று மரத்தில் மயில் செதுக்குகின்ற நமது றவுட்டரின் குலத்தொழில் உலோக வேலையே என்றால் மிகையாகாது.

குலம் ஒன்றாயினும் உடல் வேறு. உலோகம் கடையும் மில்லிங் யந்திரம் வார்ப்பிரும்பினால் ஆனது; யானைபோல் நின்ற இடத்தில் நிற்கும். றவுட்டரோ மெலிந்த சட்டங்களின்மேல் ஓடுகின்ற வண்டி. அதன் மோட்டர் நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று வரை சுழல்கின்றது. மரத்துக்கு அவ்வேகம் நல்லது. அலுமினியத்துக்கு அஃது ஒரு சங்கடம். அதை விளங்கிக்கொள்ள உலோகத்தின் குணத்தை முதலில் அறிய வேண்டும்.

அலுமினியம் இரும்பின் பாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ளது, வெட்டுவதற்கும் மென்மையானது. ஆனால் அது 660 பாகை செல்சியசில் உருகிவிடும். உருகுவதற்கு வெகு முன்னரே, சூடேறியவுடன், பசைபோல் இளகி அலகின் விளிம்பில் அப்பிக்கொள்ளும். அப்பிய அலுமினியத்தின்மேல் இன்னும் அலுமினியம் அப்பும். அலகின் சுருள்வழி அடைபட்டுப்போக, வெட்டவேண்டிய அலகு வெறும் உருளையாக மாறித் தகட்டைத் தள்ளும். அடுத்த கணம் ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை. பார்த்தால் அலகு இரண்டு துண்டு. அலுமினியம் கடினமானது என்று எண்ணி நாம் பயப்படுகிறோம்; உண்மையில் அதன் மென்மையும் ஒட்டுந்தன்மையுமே அலகுக்கு எமன்.

ஆகவே சூட்டை எங்கே அனுப்புவது என்பதே முதற் கேள்வி. அலகு குளிர வேண்டும். தகடும் குளிர வேண்டும். மிச்சமிருப்பது சீவல் ஒன்றுதான். தடித்த சீவல் ஒவ்வொன்றும் தான் பிறக்கும்போது உண்டான சூட்டின் பெரும்பங்கைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வெளியே பறந்துவிடுகின்றது. ஆனால் அலகு தேங்கி நின்று ஓரிடத்திலேயே சுழன்றால், அது வெட்டுவதில்லை, தேய்க்கின்றது. இரண்டு குச்சிகளைத் தேய்த்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

நமது வீட்டுப் பெண்களுக்கு இவ்விஷயத்தை விளக்க வேண்டியதே இல்லை. திருவலையில் தேங்காயைத் தயக்கமின்றி அழுத்தித் திருவினால் பூப்பூவாய் உதிர்கின்றது. பயந்து பயந்து உரசினால் பாலும் மாவுமாய்ப் பல்லில் ஒட்டிக்கொள்கின்றது. தச்சருக்கும் இது தெரியும். கூரான சீவுளி பலகையில் ஓடும்போது சுருள் சுருளாய் மரம் எழும்ப வேண்டும். தூள் வந்தால் அலகு மழுங்கிவிட்டது அல்லது கை தயங்கிவிட்டது என்று பொருள். அலுமினியத்திலும் தூள் வரக்கூடாது. விரலில் எடுத்துப் பார்த்தால் பளபளப்பான சிறு சுருள்களாக, ஒவ்வொன்றும் ஒரே அளவினதாக இருக்க வேண்டும்.

இதைக் கணக்கிட்டே அறியலாம், கணக்கும் கடினமன்று. மோட்டரின் சுற்றுக்களை அலகிலுள்ள வெட்டுப்பற்களின் எண்ணிக்கையாற் பெருக்கி, அதனை ஒரு பல் ஒருமுறை சீவவேண்டிய தடிப்பாற் பெருக்கினால், அலகு நிமிடத்துக்கு எவ்வளவு தூரம் நகரவேண்டும் என்பது கிடைத்துவிடும். 6 மில்லிமீற்றர் அலகொன்றுக்கு 0.05 மில்லிமீற்றர் சீவல் பொருத்தமான தொடக்கம். மோட்டர் நிமிடத்துக்கு 16,000 சுற்று, அலகில் ஒரே ஒரு பல் என்று கொண்டால், நிமிடத்துக்கு 800 மில்லிமீற்றர் நகர வேண்டும். அதே மோட்டரில் மூன்று பல் உள்ள அலகை மாட்டினால் 2,400 மில்லிமீற்றர் வேண்டும்! மெலிந்த யந்திரம் அவ்வேகத்தில் உலோகத்தை வெட்ட மூச்சுத் திணறும். அவ்வாறன்றி மூன்று பல் அலகை 800 மில்லிமீற்றரில் ஓட்டினாலோ, சீவலின் தடிப்பு மூன்றில் ஒரு பங்காகி, பழையபடி தேய்ப்பு வேலைதான் நடக்கும்.

ஆதலால்தான் றவுட்டரில் அலுமினியத்துக்கு ஒற்றைப்பல் அலகு சிறந்தது என்கின்றனர் அனுபவசாலிகள். பற்கள் கூடினால் வேலை விரைவாகும் என்று எண்ணி நான்கு பல் அலகை வாங்கிவருவது பலருடைய வழக்கம். நான்கு பல்லுக்கிடையில் சீவல் வெளியேற இடமேது? அலகு காபைட்டினால் ஆனதாகவும், சீவலை மேலே தூக்கியெறியும் சுருளுடையதாகவும், சுருள்வழி கண்ணாடிபோல் மெருகிடப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. இரும்பு வெட்டுவதற்கென்று விற்கப்படும் கருநிற அலகுகள் சிலவற்றின் பூச்சிலேயே அலுமினியம் கலந்திருக்கின்றது. இனம் இனத்தோடு சேரும் அல்லவா? அப்பூச்சில் வெட்டப்படும் அலுமினியம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். பூச்சற்ற அலகே போதும்.

அலகைக் கொலெட்டில் மாட்டும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு நன்று. நீளத்தைப் பாதியாக்கினால் அலகு வளைவது எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. தடிப்பை இரட்டிப்பாக்கினாலோ பதினாறில் ஒரு பங்கு! எனவே 3 மில்லிமீற்றர் அலகு மலிவு என்று அதனைக் கொண்டு பழகத் தொடங்குவது சிக்கனமாகாது. யந்திரம் தாங்குமாயின் 6 மில்லிமீற்றரிலேயே பழகுங்கள்.

இனித் தகடு. இரும்புக்கடையில் ‘அலுமினியம்’ என்று கேட்டால் கையில் அகப்பட்டதைத் தந்துவிடுவர். அலுமினியத்திலும் சாதிகள் பல உண்டு. சட்டிபானைக்கும் கூரைத் தகட்டுக்கும் உதவுகின்ற, ஏறத்தாழக் கலப்பற்ற மென்தகடுதான் வெட்டுவதற்கு மிகப் பொல்லாதது. வெல்லப்பாகு போல் இழுபடும். மக்னீசியமும் சிலிக்கனும் கலந்து, சூடூட்டி வலுவேற்றிய 6061 டி6 என்னும் வகை சுத்தமாகச் சீவுப்படும். முதன்முதலாக வெட்டுவோர் அதையே தேடி வாங்குதல் வேண்டும். யன்னற் சட்டங்களுக்குப் பெரிதும் பயன்படும் 6063 அதன் தம்பி முறை. சற்று மென்மை கூடியது, ஆயினும் பாதகமில்லை. 7075 துத்தநாகம் கலந்தது, விமானங்களுக்கானது. விலை கூடியதாயினும் வெட்டுவதற்கு இனிமையானது. எந்த வகையென்று அறியாத பழந்தகட்டைக் கொண்டு பழகுவோர், தவறு தம்முடைய கணக்கிலா தகட்டிலா என்று அறியாமல் திண்டாடுவர்.

தகட்டை மேசையோடு பிணிப்பதிலே பலர் அசட்டை செய்கின்றனர். மரத்துண்டு ஆடினால் கோடு கோணலாகும், அவ்வளவுதான். அலுமினியம் ஆடினால் அலகு முறியும், தகடும் கையிலோ முகத்திலோ வந்து பாயும். மேசைமேல் விரித்த எம்.டி.எப். பலகையில் தகட்டின் நான்கு மூலைகளிலும் துளையிட்டுத் திருகாணியால் இறுக்குவதே எளிய வழி. ஆனால் அத்திருகாணிகள் அலகின் பாதையில் இல்லை என்பதை இருமுறை பார்த்துக்கொள்க. துளையிட இயலாத தகடாயின், பூச்சுவேலைக்காரர் ஒட்டும் காகித நாடாவைப் பலகையிலும் தகட்டின் அடியிலும் ஒட்டி, இரு நாடாக்களுக்கும் நடுவே சுப்பர் குளூ இட்டு அழுத்துகின்ற ஓர் உபாயம் உண்டு. வியக்கத்தக்க வகையில் பிடிக்கும். ஆயினும் சூடும் ஈரமும் அப்பிடியைத் தளர்த்திவிடும் என்பதை மறக்கலாகாது.

அலகு தகட்டினுள் நுழையும் விதமும் முக்கியமானது. மரத்தில் செய்வதுபோல் நேர்குத்தாக இறக்கினால், அலகின் நடுப்பகுதி வெட்ட வழியின்றி உலோகத்தை நசுக்கும். சாய்தளத்தில் வண்டி இறங்குவதுபோல் சரிந்து இறங்கவோ, கிணற்றுப் படிக்கட்டுப்போல் சுற்றி இறங்கவோ செய்ய வேண்டும். இன்றைய கணினி நிரல்கள் பலவற்றில் இதற்கு வசதியுண்டு; தெரிவுசெய்ய வேண்டியது மட்டுமே நம்முடைய பொறுப்பு.

துணிவாக நகர்த்துங்கள் என்று சொல்வதனால், ஆழமாக வெட்டுங்கள் என்று சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். பயம் இருக்கவேண்டிய இடம் ஆழத்தில், வேகத்திலன்று. மெலிந்த யந்திரத்தில், அலகின் முழு அகலத்துக்கும் பள்ளம் தோண்டுகையில், ஒரு தடவைக்கு 0.3 அல்லது 0.4 மில்லிமீற்றர் ஆழம் போதும். யந்திரம் முனகினாலும் ஆழத்தைக் குறையுங்கள், அல்லது மோட்டரின் சுற்றைக் குறையுங்கள். நகர்வைக் குறைக்க நம் கை தானாகவே போகும்; அதைத்தான் தடுக்க வேண்டும்.

அனுபவம் கூடியபின், ஆழமாக இறங்கி அகலத்தைக் குறைக்கும் வேறொரு முறையையும் கையாளலாம். அலகின் அகலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மட்டும் உலோகத்தில் பட, பக்கத்தைச் சீவிக்கொண்டே செல்வது அம்முறை. அதில் சீவல் இயல்பாகவே மெலிந்துவிடுவதால், நகர்வை ஒன்றரை மடங்குக்கு மேலாகவும் கூட்ட வேண்டும். அலகின் நுனி மட்டும் தேயாமல் அதன் நீளம் முழுவதும் உழைக்கின்றது என்பது இதன் பெரிய நயம்.

வெட்டிய சீவல் பள்ளத்திலேயே கிடந்தால் அலகு அதை மறுபடியும் மறுபடியும் வெட்டும், அதனாலும் சூடேறும். காற்றழுத்தக் குழாயால் இடைவிடாது ஊதிவிடுவதே முதன்மையான பரிகாரம். பழைய பட்டறைக்காரர் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவுவர். அலுமினியம் ஒட்டாமலிருக்க அது உதவுவது உண்மையே. ஆனால் கரித்துண்டுகளின் உராய்வினால் இயங்கும் சிறு மோட்டர்களின் உள்ளே ஓயாது தீப்பொறி பறக்கின்றது. அதன் கீழே மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ தாராளமாகத் தெளிப்பது தீயோடு விளையாடுவதாகும். எம்.டி.எப். பலகையும் ஈரம் பட்டால் உப்பிவிடும். தொடக்கத்தில் காற்றுமட்டும் போதுமானது.

முதல் வேலையாக 6 மில்லிமீற்றர் தடிப்பான தகட்டிலிருந்து 100 மில்லிமீற்றர் நீளமும் 60 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு சிறு செவ்வகத்தை வெட்டிப் பார்க்கலாம். அலங்காரமான பொருள் எதுவும் வேண்டாம். 6 மில்லிமீற்றர் ஒற்றைப்பல் அலகு, 16,000 சுற்று, 800 மில்லிமீற்றர் நகர்வு, தடவைக்கு 0.4 மில்லிமீற்றர் ஆழம். அலகின் நடு செல்லும் பாதை ஏறத்தாழ 340 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்கு 25 விநாடி. 15 சுற்றில் அடியை எட்டிவிடும். ஆறரை நிமிடத்தில் முடிகின்ற வேலை. பள்ளத்தை அலகின் அகலத்துக்கே விடாமல் 8 மில்லிமீற்றராக விரித்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆனால் சீவல் வெளியேற வழி கிடைக்கும். அவசரப்படாதவர்கள் அவ்வாறே செய்தல் நன்று.

வெட்டு முடியுமுன் துண்டு தனியே கழன்றால் அலகு அதைப் பற்றிச் சுழற்றி எறிந்துவிடும். ஆதலால் நான்கு பக்கத்திலும் 5 மில்லிமீற்றர் அகலமும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள சிறு பாலங்களை அடியில் விட்டுவைக்க வேண்டும். முதலிற் பக்கங்களில் 0.2 மில்லிமீற்றர் மிச்சம் விட்டு வெட்டி, இறுதியில் அதை ஒரே ஓட்டத்தில் சீவினால் விளிம்பு துப்புரவாக வரும். தொடங்குமுன் அலகைத் தகட்டுக்கு மேலே உயர்த்திவைத்து, முழு நிரலையும் வெறும் காற்றில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பது வீண் பிரயாசையன்று. ஓரிடத்தில் ஒற்றைப் புள்ளி தவறியிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

யந்திரம் ஓடத் தொடங்கியபின் கண்ணைவிடக் காதே நல்ல ஆசான். சரியான வெட்டின் ஒலி ஒரே சுருதியில் இருக்கும். கிரீச்சென்ற அலறல் எழுந்தால் அலகு அதிர்கின்றது. ஒலி திடீரென்று தடித்து மங்கினால், சுருள்வழி அடைபடத் தொடங்கிவிட்டது என்று கொண்டு உடனே நிறுத்திவிட வேண்டும். அப்பிக்கிடக்கும் அலுமினியத்தைக் கிள்ளியெடுத்துவிட்டுத் தொடர்ந்தால் அலகு பிழைக்கும். கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்து பொத்தான் இருப்பது இதற்காகவே. யந்திரத்தை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது மரவேலையிலேயே தகாது. இதில் அறவே கூடாது.

துண்டை எடுத்தவுடன் அளந்து பார்த்து மனம் வருந்த வேண்டாம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவது. 300 மில்லிமீற்றர் நீளமான துண்டு 30 பாகை சூடேறியிருந்தால் 0.2 மில்லிமீற்றர் நீண்டிருக்கும். ஆறவிட்டு அளக்க வேண்டும். பாலங்களை வாளால் அறுத்து அரத்தால் ராவும்போது, அரத்தின் பற்களிலும் அலுமினியம் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பழைய பட்டறைகளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: பள்ளிக்கூட வெண்கட்டியை அரத்தின்மேல் நன்றாகத் தேய்த்துவிட்டு ராவுவார்கள். இன்றைக்கும் அதைவிட மலிவான மருந்து கிடையாது.

வீட்டோடு சேர்ந்த பட்டறைகளில் குழந்தைகளும் நடமாடுவர் என்பதனால் ஒரு வார்த்தை. அலுமினியச் சீவல் பார்க்கப் பூப்போல் இருந்தாலும் முள்ளினும் கூரியது; சூடாகவும் பறக்கும். கண்ணாடி அணியாமல் யந்திரத்தின் அருகே எவரும் நிற்கக்கூடாது. காதையும் மூடிக்கொள்ள வேண்டும். கையுறை, தொங்கும் சால்வை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றைச் சுழலும் அலகு பற்றி இழுத்துவிடும். சீவலைக் கையாற் கூட்டாமல் தூரிகையால் அள்ளுக. வெறுங்காலோடு வரும் பிள்ளைகளின் பாதங்களில் அது ஏறிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

மரத்தூள் நிறைந்த உறிஞ்சியில் சூடான அலுமினியச் சீவலை இழுப்பது தீப்பற்ற இடமளிக்கும். ஆதலால் உலோகம் வெட்டும் நாளில் உறிஞ்சியை வெறுமையாக்கிவிடுக. அரத்தாலும் உரைகாகிதத்தாலும் எழும் நுண்ணிய அலுமினியத் தூள் தானே எரியவல்லது. இரும்பு தீட்டும்போது பறக்கும் பொறி அதன்மேல் விழலாகாது. சுத்தமான சீவலைத் தனியாக ஒரு தகரப் பேணியில் சேர்த்து வாருங்கள். பழைய உலோகம் வாங்குவோர் அதற்கும் விலை தருவர். மண்ணிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கச் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கே பழையதை உருக்கத் தேவைப்படுவதால், இரும்புச் சீவலைக் காட்டிலும் இதற்கு மதிப்பு அதிகம். இரண்டும் கலந்துவிட்டால் மட்டும் அவர்கள் விலையைக் குறைத்துவிடுவர்.